நிழலின் கணக்கு

2024 கோடையில் சென்னையின் சில சிக்னல்களில் மாநகராட்சி பச்சை வலைப் பந்தல் போட்டது. சிவப்பு விளக்குக்காக நிற்கும் இருசக்கர வாகனக்காரர்களின் தலையில் வெயில் நேரே இறங்கக் கூடாது என்பதற்காக. புதுச்சேரியிலும் அப்படியே செய்தார்கள். அந்தப் படங்கள் கைப்பேசிகளில் சுற்றிச் சுற்றி வந்தன. நல்ல காரியம்தான். அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வலைக்கு ஒரு செலவு, சாவுக்கு ஒரு நிவாரணம். இந்த இரண்டையும் ஒரு மரத்தால் எவ்வளவு தூரம் தவிர்த்திருக்க முடியும்? கேட்க எளிதாக இருக்கிறது. பதில் அவ்வளவு எளிதில்லை.

மரம் நடுவது நல்லது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அமைச்சர் நடுகிறார், நடிகர் நடுகிறார், சுதந்திர தினத்தன்று பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று நடுகிறார்கள். நடிகர் விவேக், அப்துல் கலாமின் தூண்டுதலால் ஒரு கோடிக் கன்று என்று இலக்கு வைத்து, 2021இல் காலமாவதற்குள் 33 லட்சத்தைத் தாண்டினார். யாரும் எதிர்க்காத காரியம் என்பதாலேயே யாரும் அதைத் துருவிக் கேட்பதும் இல்லை. எந்தப் பயன் உறுதியானது, எது மிகைப்படுத்தியது, எந்த மரத்தால், எந்த இடத்தில், யாருக்கு என்று கேட்கப் போனால் நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்களில் பாதி நிற்காது. நிற்கிற பாதிக்கும் நம் மரம் நடு விழாக்களுக்கும் பெரிய உறவில்லை.

அசோகர் சாலையோரங்களில் மரம் நட்டார் என்று படிக்காமல் தமிழ்நாட்டில் யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டார்கள். கிண்டலுக்கு ஆளாகிவிட்ட வரி. ஆனால் ஏழாவது தூண் கல்வெட்டைப் பார்த்தால் அவர் ஏன் நட்டார் என்பதும் அதிலேயே இருக்கிறது: விலங்குகளுக்கும் மனிதர்களுக்கும் நிழல் கிடைக்க ஆலமரம். அடுத்தது மாந்தோப்பு, கிணறு, தங்குமிடம். நோக்கம் அவருக்குத் தெளிவாக இருந்தது. நம் காலத்துக்கு வந்தபோது நிழல் பின்னுக்குப் போய், மரம் ஆக்சிஜன் தருகிறது என்பது முன்னுக்கு வந்துவிட்டது. மருத்துவமனைச் சிலிண்டரின் விலையைப் போட்டு, ஒரு மரம் இத்தனை லட்சத்துக்கு ஆக்சிஜன் தருகிறது என்று சுவரொட்டி அடிக்கிறோம்.

இந்தக் கணக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. மேற்கு வங்கத்தில் ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டும் வழக்கில் நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்று 2021இல் சொன்னது. அதில் 45,000 ரூபாய் ஆக்சிஜனுக்கு. மரத்துக்கு ஒரு விலை உண்டு என்று நீதிமன்றத்தில் பேசப்பட்டது பெரிய விஷயம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆக்சிஜன் வாதம் பலவீனமானது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன்தான். மரமே இல்லாத பாலைவன நகரத்திலும் அதே அளவுதான். தெருவில் இரண்டு மரம் குறைந்ததால் யாருக்கும் மூச்சு முட்டாது. மரம் பகலில் விடும் ஆக்சிஜனில் ஒரு பங்கை அதன் சொந்தச் சுவாசமும், உதிர்ந்த இலை மக்குவதும் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. தப்பான காரணத்துக்காக மரத்தைப் புகழ்ந்தால், காரணம் உடைபடும் நாளில் மரத்துக்கும் பேச ஆளிருக்காது.

கார்பன் கணக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வெளியேறுகிறது. ஆக, ஒரு மரத்தின் ஓராண்டு உழைப்பு 9 லிட்டர் பெட்ரோல். ஸ்கூட்டருக்கு இரண்டு தடவை டேங்க் நிரப்பினால் முடிந்தது. காடுகளுக்குக் கார்பன் கணக்கு பொருந்தும். புவி வெப்பத்தை நகரத் தெரு மரங்களைக் கொண்டு சமாளித்துவிடலாம் என்று சொல்பவர், மரக்கன்றுகளுக்குப் பின்னால் புகைபோக்கியை மறைக்கிறார் என்று சந்தேகப்படலாம்.

அசோகர் சொன்ன நிழலுக்கே திரும்புவோம். சரக்கு இருப்பது அங்கேதான்.

மரம் இரண்டு வழிகளில் குளிர்விக்கிறது. ஒன்று, வெயிலை மேலேயே தடுத்து, தார்ச்சாலையும் சுவரும் சூடேறாமல் பார்த்துக்கொள்கிறது. இரண்டு, வேர் உறிஞ்சிய நீரை இலை வழியே ஆவியாக்குகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியிருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக, மின்சாரக் கணக்கில் சொன்னால், முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைந்த வெப்பம் தேவை. வேருக்குத் தண்ணீர் கிடைக்கும் பெரிய மரம் ஒரு நாளில் 100 லிட்டர் விட்டால், ஒரு டன் ஏசி 19 மணி நேரம் இழுக்கும் வெப்பத்தை அது இழுத்திருக்கிறது. ஏசி உள்ளே இழுத்த வெப்பத்தைப் பக்கத்து வீட்டுச் சுவரில் கொண்டுபோய்க் கொட்டும். மரம் அப்படிச் செய்வதில்லை.

நம் ஊர்ப் பக்கத்துச் சான்று பெங்களூரில் இருக்கிறது. ஹரிணி நாகேந்திராவும் அவருடைய சகாக்களும் அந்நகரத்தின் சாலைகளில், மரம் உள்ள பகுதியையும் இல்லாத பகுதியையும் அடுத்தடுத்து அளந்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மரநிழலில் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரை குறைந்திருந்தது. சாலைப் பரப்பின் வெப்பம் 27.5 டிகிரி வரை குறைந்திருந்தது. இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நமக்கு உறைக்கும் வெயில் காற்றிலிருந்து மட்டும் வருவதில்லை. காலடித் தாரும் பக்கத்துக் கான்கிரீட்டும் திருப்பி அனுப்பும் சூடும் சேர்ந்ததுதான் அது. செருப்பில்லாமல் நடக்கும் குழந்தைக்கும் தரையில் கடை விரிப்பவருக்கும் சாலையின் வெப்பம்தான் முதலில் தெரியும். வானிலை மையத்தின் வெப்பமானியில் அது பதிவாகாது.

இங்கே ஒரு நிபந்தனையைச் சொல்லியாக வேண்டும். ஆவியால் வரும் குளிர்ச்சி, காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கும் கடற்கரை நகரத்தில் அவ்வளவு பலிக்காது. சென்னையில் மே மாத மாலையில் காற்று அசையாத நேரத்தில், மரம் விடும் ஈரம் புழுக்கத்தோடு சேர்ந்துகொள்ளவும் கூடும். அடர்ந்த கூரையாக நிற்கும் கிளைகள், இரவில் தரையின் வெப்பம் வானத்துக்குப் போவதைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். ஆகவே சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் மரத்தின் பெரும்பயன் பகல் நிழல். வறண்ட காற்றடிக்கும் மதுரை, திருச்சி, வேலூர் போன்ற ஊர்களில் நிழலும் ஆவியும் இரண்டுமே முழுக்க வேலை செய்யும். எல்லா நகரத்துக்கும் ஒரே மரத்திட்டம் என்பது இந்த இடத்திலேயே அடிபட்டுப்போகிறது.

இந்தக் குளிர்ச்சியால் எத்தனை உயிர் பிழைக்கும் என்பதை ஐரோப்பாவில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 93 நகரங்களை எடுத்துக்கொண்டு 2023இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி, 2015 கோடையில் நகர வெப்பத்தால் மட்டும் 6,700 பேர் காலத்துக்கு முன்னரே இறந்தார்கள். மரக்கிளைகளின் பரப்பு நகரத்தில் 30 விழுக்காடாக இருந்திருந்தால் அவர்களில் 2,644 பேரைக் காப்பாற்றியிருக்கலாம். வெப்பம் சராசரியாகக் குறைந்திருக்கக்கூடியது 0.4 டிகிரிதான். அரை டிகிரிகூட இல்லாத ஒன்றுக்கு இத்தனை உயிர் என்பது ஆச்சரியமாகத் தோன்றும். வெயிலில் மரிப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள், இதய நோயாளிகள். விளிம்பில் நிற்கும் அவர்களுக்கு அந்தச் சிறு வித்தியாசமே போதும்.

காற்றுத் தூய்மை பற்றி நாம் சொல்வதில் பாதியைக் கழித்துவிடலாம். இலைகளில் தூசி படிகிறது, உண்மை. லண்டனின் 84 லட்சம் மரங்கள் ஆண்டுக்கு 2,241 டன் மாசை அகற்றுவதாக 2015இல் மதிப்பிட்டார்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அமெரிக்க நகரங்களில் இதே கணக்கை வெகுகாலம் போட்ட டேவிட் நோவாக்கின் குழுவே, காற்றின் தரத்தில் ஏற்படும் சராசரி முன்னேற்றம் 1 விழுக்காட்டுக்கும் கீழ் என்று எழுதியது. இருபுறமும் உயரமான கட்டடங்கள் நெருங்கிய குறுகிய தெருவில் அடர்ந்த மரம், புகையை மேலே போகவிடாமல் கீழேயே பிடித்து வைக்கவும் செய்யும். பேருந்துப் புகைக்கு மருந்து பேருந்தைச் சரிசெய்வதுதான். மழைநீர் விஷயத்தில் மரம் உதவுகிறது: கிளைகள் முதல் மழையைத் தாங்கி மெல்ல இறக்குகின்றன, வேர்கள் மண்ணை நெகிழ்த்தி நீரை உள்ளே விடுகின்றன. ஆனால் அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் பூசிய தெருவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மனித உடம்புக்கும் மனத்துக்கும் மரம் என்ன செய்கிறது என்பது இந்தத் துறையின் மிகச் சுவையான பகுதி. தொடக்கம் 1984. ரோஜர் உல்ரிச் என்பவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டினார். பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேர். ஒரு பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மறு பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மற்றபடி வயது, பால் போன்றவை எல்லாம் ஒத்துப்போகிற இணைகளாகச் சேர்த்துக்கொண்டார். மரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்கள் ஏறக்குறைய முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மாத்திரைகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சின்ன ஆய்வு. ஆனாலும் நாற்பது ஆண்டுகளாக எல்லோரும் அதற்குத்தான் திரும்பி வருகிறார்கள்.

அடுத்தது ஒரு வண்டு நடத்திய சோதனை. ஆஷ் மரத்தைத் துளைக்கும் பச்சை வண்டு ஒன்று ஆசியாவிலிருந்து சரக்குப் பெட்டிகளோடு அமெரிக்கா போய், 2002இல் டெட்ராய்ட் பக்கம் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளில் கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றது. வண்டுக்குப் பணக்காரத் தெரு, ஏழைத் தெரு என்ற பேதம் கிடையாது. ஜெஃப்ரி டொனோவன் குழுவினர் வண்டு பரவிய மாவட்டங்களின் இறப்புக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். பதினைந்து மாநிலங்களில், 2007 வரையிலான காலத்தில், இதய நோயால் கூடுதலாக 15,080 பேரும் மூச்சுக்குழல் நோயால் கூடுதலாக 6,113 பேரும் இறந்ததோடு மரச்சாவு சேர்ந்து நடந்திருந்தது. மரம் போனதால்தான் இறந்தார்கள் என்று இதை வைத்து அறுதியிட முடியாது. ஆனால் மரம் உள்ள தெருவில் வசதியானவர்கள் இருப்பார்கள், அவர்கள் ஆரோக்கியமாகவும் இருப்பார்கள், இதில் மரத்துக்கு என்ன பெருமை என்று கேட்பவருக்கு இந்த வண்டு ஓரளவுக்குப் பதில் சொல்லிவிட்டது.

மிச்சப் பதிலைச் சொல்ல முயன்றது கெண்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம். அங்கே சில குடியிருப்புகளில் வளர்ந்த மரங்களும் புதர்களுமாக 8,000க்கு மேல் நட்டு, நடுவதற்கு முன்னும் பின்னும் மக்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். உடலின் அழற்சியைக் காட்டும் ஓர் அளவு, நடாத பகுதியினரோடு ஒப்பிட 13 முதல் 20 விழுக்காடு குறைந்திருந்தது என்று 2024இல் அறிவித்தார்கள். மருந்து சோதிப்பதைப் போல மரத்தைச் சோதித்த முயற்சி இது. இந்த வரிசையில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது இதுதான்.

ஆஸ்திரேலியாவில் சிட்னி, நியூகாசில், உல்லங்காங் நகரங்களில் 46,000க்கு மேற்பட்ட நடுவயதினரையும் முதியவர்களையும் பின்தொடர்ந்த ஆய்வு நம் பூங்காப் பொறியாளர்களுக்கு நேரே அனுப்பப்பட வேண்டியது. கிளைப்பரப்பு 30 விழுக்காட்டுக்கு மேல் உள்ள பகுதியில் மன உளைச்சலுக்கு ஆளாகும் வாய்ப்பு 31 விழுக்காடு குறைவாக இருந்தது. வெறும் புல்தரைக்கு அந்தப் பலன் இல்லை. நம் ஊரில் பூங்கா என்றால் முதலில் வருவது புல்தரை, அடுத்து நீரூற்று, அடுத்து நடைபாதைக் கல். காலை எட்டு மணிக்கு மேல் அதில் உட்கார முடிகிறதா என்பதைத் திறப்பு விழாவுக்கு வருபவர்கள் சோதிப்பதில்லை.

வெளிநாட்டு ஆய்வுகளில் அதிகம் வராத ஒரு பயன் நம் தெருக்களில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. மரத்தடி என்பது இங்கே ஒரு பணியிடம். இஸ்திரி வண்டி, இளநீர்க் கடை, செருப்பு தைப்பவர், பூ கட்டும் அம்மா, ஆட்டோ ஸ்டாண்டு, சைக்கிள் பஞ்சர் கடை, மதியத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கும் டெலிவரிப் பையன்கள். வாடகை இல்லை, மின்கட்டணம் இல்லை. சாலையை அகலப்படுத்துவதற்காக ஒரு வரிசை மரம் வெட்டப்படும்போது இத்தனை பேரும் கலைகிறார்கள். திட்ட அறிக்கையில் மரத்துக்கு விறகு விலை போட்டிருப்பார்கள். இவர்களுக்கு ஒரு வரி இருக்காது. ஓர் இஸ்திரிக்காரர் கரிப்பெட்டியை வைத்துக்கொண்டு மொட்டை வெயிலில் நிற்க முடியுமா என்று யோசித்தாலே போதும், நிழல் அவருக்குக் கருவியா அலங்காரமா என்று புரிந்துவிடும்.

அப்படியானால் நிழல் யாருக்குக் கிடைக்கிறது? இந்திய வன அளவீட்டுத் துறையின் 2021 அறிக்கையில் சென்னையின் வனப்பரப்பு 22.70 சதுர கிலோமீட்டர். நகரத்தின் பரப்பில் 5.28 விழுக்காடு. 2011இல் இருந்த 18.02ஐவிடக் கூடியிருக்கிறது என்று மகிழலாம். ஆனால் இந்தக் கணக்கு குறைந்தது ஒரு ஹெக்டேர் இருக்கும் மரத்தொகுதியைத்தான் பார்க்கும். உங்கள் தெரு வேம்பு இதில் வராது. வருவது கிண்டி தேசியப் பூங்கா, ஆளுநர் மாளிகை, ஐஐடி வளாகம், அடையாறு பிரம்மஞான சபை போன்ற பெரிய வளாகங்கள். பெரும்பாலும் தென்சென்னை, பெரும்பாலும் சுற்றுச்சுவருக்கு உள்ளே. தென்சென்னையின் போட் கிளப் சாலையில் நடப்பதும் வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் நடப்பதும் ஒரே நகரத்தின் ஒரே வெயிலில் நடப்பதல்ல. ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டவர்கள், குடிசையோடு அதன் பக்கத்து மரத்தையும் விட்டுவிட்டு வந்தார்கள். அடுக்கு மாடிகளுக்கு நடுவே அந்த இழப்பை யாரும் ஈடு செய்யவில்லை.

இது நமக்கு மட்டும் உரிய கதையல்ல. அமெரிக்காவில் 1930களில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பால் குறித்து வங்கிக் கடனை மறுத்தார்கள். 108 நகரங்களில் அந்தப் பகுதிகளை அளந்து 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவை சலுகை பெற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி அதிகம் காய்ந்துகொண்டிருந்தன. மரமின்மையின் விளைவு வெயிலோடும் நிற்பதில்லை. சிகாகோவின் ஐடா பி. வெல்ஸ் குடியிருப்பில் 98 கட்டடங்களின் குற்றப் பதிவுகளைக் குவோ, சல்லிவன் என்ற இருவர் 2001இல் ஆராய்ந்தார்கள். எல்லாரும் ஏழைகள், எல்லாம் ஒரே மாதிரி வீடுகள். சுற்றிலும் மரமும் பசுமையும் உள்ள கட்டடங்களில், வெறும் தரையாய்க் கிடந்த கட்டடங்களைவிட 52 விழுக்காடு குறைவான குற்றங்களே பதிவாகியிருந்தன. மரம் இருந்தால் ஆட்கள் வெளியே வந்து உட்காருவார்கள். ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அடிதடி குறையும். விளக்கம் அவ்வளவுதான். பெரும்பாக்கத்துக்குக் கண்காணிப்புக் கேமராவுக்கு நிகராக ஆளுயரம் தாண்டிய புங்கமரங்களும் வேண்டும் என்று நான் சொன்னால் அது உணர்ச்சிப் பேச்சாகாது.

இனி மறுபக்கம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. வாகனங்கள் நசுங்கின, மின்கம்பிகள் அறுந்தன, பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதற்குப் பிறகு வீட்டு வாசலில் பெரிய மரம் என்றாலே மக்கள் பயப்படத் தொடங்கினார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதைச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் ஏளனமாகப் பேசியதில் எனக்கு உடன்பாடில்லை.

பழி உடனே வெளிநாட்டு மரங்கள்மேல் விழுந்தது. மடகாஸ்கரிலிருந்து வந்த மயில்கொன்றை, அமெரிக்க வெப்ப மண்டலத்துத் தூங்குமூஞ்சி, மஞ்சள் பூ பூக்கும் இயல்வாகை ஆகியவை அதிகம் விழுந்தன என்பது உண்மை. மென்கட்டை, அகன்ற கிளை, ஆழமில்லாத வேர். ஆனால் சிங்கப்பூருக்குப் போனவர்களுக்குத் தெரியும், விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் அதே தூங்குமூஞ்சி மரம்தான் குடை பிடித்து நிற்கிறது. 1963இல் லீ குவான் யூ ஒரு மரக்கன்றை நட்டுத் தொடங்கிய இயக்கம் அது. அந்நாட்டில் நம்மைப் போலப் புயல் அடிப்பதில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அங்கே வேருக்கு மண் விட்டிருக்கிறார்கள், பயிற்சி பெற்ற மர வல்லுநர்கள் முறைவைத்துப் பார்வையிட்டு, பட்டுப்போன கிளையை முன்னதாகவே எடுத்துவிடுகிறார்கள். 2001இல் ஐந்து சாலைகளைப் பாரம்பரியச் சாலைகள் என்று அறிவித்து, அவற்றின் மரங்களோடு பாதுகாத்தார்கள்.

நம் தெரு மரத்தின் கதை வேறு. நட்டது இரண்டடிக் குழியில். பத்து வருடத்தில் ஒரு பக்கம் மழைநீர் வடிகாலுக்காக வேர் வெட்டப்படுகிறது. இன்னொரு பக்கம் கேபிளுக்காக. கரண்டு கம்பி போகும் பக்கத்துக் கிளைகளை மட்டும் வெட்டித் தள்ளுவதால் பாரம் முழுக்க மறுபக்கம் சாய்கிறது. மிச்சம் இருக்கும் மண்ணை நடைபாதைக் கல் மூடுகிறது. கடைசியில் விளம்பரப் பலகைக்கு ஆணி. இத்தனையும் செய்துவிட்டு, விழுந்ததும் மரத்தின் பூர்வீகத்தை விசாரிக்கிறோம்.

ஆனாலும் எந்த மரம் என்பது முக்கியம்தான். எந்த ஊருக்கு எது தாங்கும் என்பதற்கு நம் கோயில்களே பட்டியல் வைத்திருக்கின்றன. மயிலாப்பூர் கபாலீசுவரருக்குப் புன்னை, திருவான்மியூர் மருந்தீசருக்கு வன்னி, திருவொற்றியூர் தியாகராசருக்கு மகிழம், மதுரை மீனாட்சிக்குக் கடம்பு. பக்திக்காக நடச் சொல்லவில்லை. அந்தந்த மண்ணில் பல நூறு ஆண்டு பரீட்சை எழுதித் தேறியவை என்பதற்காகச் சொல்கிறேன். உப்புக் காற்றுக்குப் புன்னையும் பூவரசும், அகன்ற சாலைக்கு மருதமும் இலுப்பையும் நாவலும், கம்பி போகும் குறுகிய தெருவுக்குச் சரக்கொன்றையும் மந்தாரையும் மகிழமும் ஒத்துவரும். ஆலும் அரசும் தெருவுக்கு வேண்டாம். ஏரிக்கரைக்கும் பெரிய மைதானத்துக்கும் அவை போதும். பில்டர்களுக்குப் பிடித்த நெட்டிலிங்கம் அடியில் ஒரு பூனைக்குக்கூட நிழல் தராது. வேகமாக வளர்கிறதே என்று ஊரெல்லாம் நட்ட கோனோகார்பஸ் செடியைத் தெலங்கானாவும், 2023இல் குஜராத்தும் தடை செய்தன. நாட்டு மரத்தில் பூச்சி வரும், பூச்சிக்குப் பறவை வரும். குக்குறுவானும் மாங்குயிலும் எந்த மரத்தைத் தேடி வருகின்றன என்று பார்ப்பது தோட்டக்கலைப் பட்டயத்தைவிட நல்ல வழிகாட்டி.

அண்மையில் பரவியிருக்கும் மியாவாக்கிக் குறுங்காடு பற்றிக் கேட்பார்கள். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறை: நாட்டு மரங்களை ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு என்று நெருக்கி நட்டு, இரண்டு மூன்று வருடம் கவனித்து, பிறகு தன்போக்கில் விடுவது. சென்னை மாநகராட்சி கோட்டூர்புரத்தில் 2020இல் ஒன்றை அமைத்தது. குப்பை கொட்டும் மூலையை மீட்க நல்ல உபாயம். பூச்சிக்கும் பறவைக்கும் நல்லது. தெருவில் நடப்பவருக்கு அது நிழலாகாது, அடியில் யாரும் உட்காரவும் முடியாது. எண்ணிக்கை காட்டுவதற்கு மட்டும் மிக வசதி: சின்ன இடத்தில் ஆயிரக்கணக்கில் கன்று. அதே கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரைக் குப்பைமேட்டை 2006 முதல் ‘நிழல்’ அமைப்பின் தன்னார்வலர்கள் மரப்பூங்காவாக்கியதைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அங்கே செலவான முக்கியப் பொருள் வருடங்கள்தான்.

எண்ணிக்கை என்றதும், ஒரு மரம் வெட்டினால் பத்துக் கன்று என்ற விதிக்கு வருகிறோம். கேட்க நியாயமாக இருக்கும் இந்த விதி நகர மரங்களுக்கு நேர்ந்த பெரிய கேடு என்பது என் கணிப்பு. 16 மீட்டர் கிளை விரித்த மரம் 200 சதுர மீட்டருக்கு நிழல் தருகிறது. ஒரு மீட்டர் விரிந்த கன்று முக்கால் சதுர மீட்டருக்குச் சற்று மேல். பத்துக் கன்றும் பிழைத்தால்கூட 8 சதுர மீட்டர். வெட்டியதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதுவும் பெரும்பாலும் வெட்டிய தெருவில் நடுவதில்லை. ஊருக்கு வெளியே ஏதோ ஒரு புறம்போக்கில். இஸ்திரிக்காரர் அங்கே போக முடியாது.

மெல்போர்ன் நகரம் இந்தப் பொறியில் விழவில்லை. 2012இல் வகுத்த திட்டத்தில் இத்தனை லட்சம் கன்று என்று எழுதாமல், பொது இடங்களில் 22 விழுக்காடாக இருந்த கிளைப்பரப்பை 2040க்குள் 40 ஆக்குவது என்று எழுதியது. மரத்துக்கு மரம் எண் கொடுத்து, பழுது சொல்ல மின்னஞ்சல் முகவரியும் வைத்தது. மக்கள் பழுது சொல்வதை விட்டுவிட்டு மரங்களுக்குக் காதல் கடிதம் எழுதத் தொடங்கியது தனிக்கதை. நெதர்லாந்துக்காரரான செசில் கோனைனண்டைக் 2021இல் இன்னும் எளிதாக்கினார்: வீட்டிலிருந்து மூன்று மரமாவது கண்ணில் பட வேண்டும், வட்டாரத்தில் 30 விழுக்காடு கிளைப்பரப்பு வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா வேண்டும். ஒரு வார்டு உறுப்பினர்கூடக் கைவிரலால் சரிபார்க்கக்கூடிய இலக்கு. தமிழ்நாடு 2022இல் தொடங்கிய பசுமை இயக்கமும் மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக்குவது என்று பரப்பில்தான் இலக்கு வைத்திருக்கிறது. ஆனால் அந்த 33ஐ மலையிலும் வயல் வரப்பிலும் நிரப்பிவிட்டு நகரத்தை அப்படியே விட்டுவிட முடியும்.

சட்டத்திலும் இந்த ஓட்டை தெரிகிறது. மகாராஷ்டிரம் 1975இலும் கர்நாடகம் 1976இலும் டெல்லி 1994இலும் மரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றின. மகாராஷ்டிரத்துச் சட்டம் நகரப் பகுதிகளுக்கென்றே வந்தது. தமிழ்நாட்டின் 1955ஆம் ஆண்டுச் சட்டம் மலைப்பகுதி மரங்களுக்கானது. நகரப் பொது இடங்களின் மரங்களை அரசு அமைத்த பசுமைக் குழுக்கள் பார்க்கின்றன. குழு நல்லதாக அமைந்தால் மரம் பிழைக்கும். பெரிய மரத்தை வெட்ட வேண்டும் என்றால் அதன் கிளைப்பரப்புக்கு ஈடான நிழல் அதே தெருவில் எத்தனை ஆண்டில் வரும் என்று எழுத்தில் காட்ட வேண்டும் என ஒரு விதி வந்தால், பல சாலைத் திட்டங்களின் வரைபடம் தானாகவே கொஞ்சம் வளையும்.

அதுவரை நம் கையில் இருப்பது ஒன்று. டெல்லி மரங்களின் அடியில் பூசியிருந்த கான்கிரீட்டை உடைத்து, சுற்றிலும் ஒரு மீட்டருக்கு மண்ணைத் திறந்துவிட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. உங்கள் தெருவில் ஏற்கெனவே நிற்கிற மரத்தின் அடியைப் போய்ப் பாருங்கள். கல்லும் சிமெண்ட்டும் தண்டை நெருக்கியிருந்தால், இந்த உத்தரவைச் சுட்டி வார்டு உறுப்பினருக்கு ஒரு மனு எழுதுங்கள். அடுத்த மரம் நடு விழாவுக்கு உங்களை அழைத்தால், மூன்று வருடத்துக்கு முன்னால் நட்டவற்றில் எத்தனை நிற்கின்றன என்று மேடையிலேயே கேளுங்கள்.